காது அடைத்துக் கிடந்த பதினொரு நாள்

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலை மிட்டாயும் தீப்பெட்டியும் ஹாக்கியும் ஞாபகத்துக்கு வரும். எங்கள் வீட்டில் இதோடு நாதஸ்வரமும் சேரும். நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் எங்கள் ஊரில் வாழ்ந்து 1964-ல் காலமானவர், சிலையும் இங்கே இருக்கிறது. ஆக சாயங்காலம் மைதானம், ராத்திரி நாதஸ்வரம் என்றே வளர்ந்த காது என்னுடையது. 2023 ஆகஸ்டில் அந்தக் காதில் ஒன்று, இடது காது, ஒரே ராத்திரியில் பழுதானது. அதன் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் பதினொரு நாளைத் தொலைத்தேன். சுற்றியிருந்த யாருக்கும் இதைப் பற்றித் தெரியவில்லை. அதனால் நாள், தொகை, அளவு எல்லாவற்றோடும் எழுதி வைக்கிறேன். ஹாக்கி பார்ப்பவர்களுக்கு மட்டும் இல்லை, கோயில் கொடையில் ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பவர்களுக்கும், பஸ்ஸில் தினமும் இயர்போன் போடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டி, இந்தியாவும் மலேசியாவும். லீக் ஆட்டத்தில் இதே மலேசியாவை 5-0 என்று அடித்திருந்தோம். அதில் முதல் கோல், எங்கள் கோவில்பட்டி விடுதியில் பயிற்சி எடுத்த அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் போட்டது. அந்தத் தெம்பில் போனால், இடைவேளையில் 1-3 என்று பின்தங்கி நிற்கிறோம். 45-ஆம் நிமிடத்தில் ஹர்மன்பிரீத்தும் குர்ஜந்தும் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். 56-ஆம் நிமிடத்தில் ஆகாஷ்தீப் அடித்தது வெற்றி கோல், 4-3. எனக்கு இடது பக்கம், தோளுக்குத் தோள், ஒருவர் கையில் ஏர் ஹார்ன் வைத்திருந்தார். பின் வரிசையில் இரண்டு டிரம். அந்த மூன்று கோலுக்கும் ஹார்ன் என் காதிலிருந்து ஒரு முழத் தூரத்தில் அலறியது. மூன்றாவது தடவை காதுக்குள் சுரீரென்று ஒரு வலி, உடனே பஞ்சு வைத்து அடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஜெயித்த சந்தோஷத்தில் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த நொடியே எழுந்து தள்ளிப் போயிருக்க வேண்டும்.

பெரிய சத்தத்துக்குப் பிறகு காது மந்தமாவதும், ங்கொய் என்று கேட்பதும் பலருக்கு வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். அந்தச் சரியாதலைத்தான் எல்லோரும் நம்புகிறோம், நானும் நம்பினேன். மறுநாள் ரயிலில் வரும்போது ஒரே காதில் அடைப்பு, கூடவே சில்வண்டு கத்துவது போல விடாத சத்தம். இங்கே ஒரு அளவுகோல் சொல்கிறேன். தூங்கி எழுந்த பிறகும் ஒரு காதில் மட்டும் அடைப்போ இரைச்சலோ அப்படியே இருந்தால் அதை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். சத்தமே கேட்காமல், காலையில் எழும்போது திடீரென்று ஒரு காது மந்தமாகிக் கிடப்பதும் உண்டு. அதற்கும் இதே அவசரம்தான்.

குறும்பி அடைப்பா, நரம்புக் கோளாறா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்க ஒரு வழி இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு, தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது மாதிரி, ‘ம்ம்ம்’ என்று அடிக்குரலில் நீட்டுங்கள். அந்தச் சத்தம் அடைத்த காதில் அதிகமாகக் கேட்டால் குறும்பியோ சளியோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். விரலால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு ‘ம்ம்ம்’ சொல்லிப் பார்த்தால் பொத்திய பக்கமே கூடுதலாகக் கேட்கும், அதே கணக்கு. நல்ல காதுப் பக்கம் சத்தம் சாய்ந்தால் உள்காதோ நரம்போ அடிபட்டிருக்கலாம். மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். எனக்கு ‘ம்ம்ம்’ வலது காதில், நல்ல காதில்தான் கேட்டது. ஆனால் இந்தச் சோதனையே எனக்குப் பிறகுதான் தெரியும். இதை வைத்து நீங்களே முடிவுக்கு வர வேண்டாம், மருத்துவரிடம் எவ்வளவு சீக்கிரம் ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், இதில் ஒன்றையும் செய்யாதீர்கள். 14-ஆம் தேதி மருந்துக்கடையில் குறும்பி இளக்கும் சொட்டு மருந்து, 140 ரூபாய். 15 விடுமுறை. 16-ஆம் தேதி பக்கத்தில் ஒரு பொது மருத்துவர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, சவ்வு நன்றாக இருக்கிறது, சளி அடைப்புத்தான் என்றார். ஃபீஸ் 300, ஐந்து நாள் மாத்திரை 620. சவ்வு நன்றாக இருப்பது நல்ல செய்தி என்று நினைத்தேன். உண்மையில் சவ்வும் சுத்தம், குறும்பியும் இல்லை, இருந்தும் காது கேட்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டிய இடமே அதுதான். பழுது விளக்கு வெளிச்சம் எட்டாத உள்காதில் இருக்கிறது என்று அர்த்தம். 21-ஆம் தேதி மறுபடி போனேன், மருந்து மாற்றிக் கொடுத்தார், 450. நடுவில் வீட்டில் நல்லெண்ணெய் காய்ச்சி விடலாம் என்றார்கள். அதை மட்டும் தடுத்தேன். சூடான எண்ணெய் காதுச் சவ்வைச் சுட்டுவிடும், உள்ளே ஓட்டை இருந்தால் சீழ் பிடிக்கும். பட்ஸ் போட்டுக் குடைவதும் குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும்.

23-ஆம் தேதி திருநெல்வேலியில் காது மூக்கு தொண்டை மருத்துவர். நான் முதல் வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டது, “என்னைக்கு ஆரம்பிச்சுச்சு?” பதினொரு நாள் ஆச்சு என்றதும் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. உடனே ஆடியோகிராம் எடுத்து வரச் சொன்னார். முதல் மூன்று நாளுக்குள் வந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதலாக இருந்திருக்கும், இரண்டு வாரம் தாண்டினால் மிகவும் குறையும், இப்போதைக்கு நடுவில் நிற்கிறோம் என்றார். மருந்தே இல்லாமல் தானாகத் தேறுபவர்களும் உண்டாம். ஆனால் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது என்பதால் காத்திருந்து பார்க்கக் கூடாது.

ஆடியோகிராம் என்பது சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, 250-லிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய சத்தம் உங்களுக்குக் கேட்கிறது என்று அளப்பது. கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். சந்தேகமாகக் கேட்டாலும் அழுத்துங்கள், உறுதியாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தால் அளவு தப்பிவிடும். முந்தைய நாளிலிருந்தே பெரிய சத்தத்தில் இருக்கக் கூடாது. வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே இறங்க இறங்கக் கேள்வித்திறன் மோசம். பெரியவர்களுக்கு 25 டெசிபல் (சத்தத்தின் அளவு) வரை சரி என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். 3000, 6000 ஹெர்ட்ஸையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், சில இடங்களில் கேட்காவிட்டால் விட்டுவிடுவார்கள். சத்தத்தால் வரும் பழுது அந்தப் பக்கம்தான் முதலில் காட்டும். என் இடது காது 2000 வரை 20-க்குள் இருந்தது. 3000-ல் 40, 4000-ல் 65, 6000-ல் 60, 8000-ல் கொஞ்சம் ஏறி 45. 4000-ஐ ஒட்டிப் பள்ளம் விழுந்து மறுபடி ஏறுகிற இந்த வடிவம் சத்த அடியின் அடையாளம். எனக்கு அதிர்ச்சி வலது காதில் இருந்தது. ஹார்ன் படாத அந்தக் காதிலும் 4000-ல் 25, சின்னப் பள்ளம். அதற்குப் பிறகு வருகிறேன்.

சிகிச்சை ஸ்டீராய்டு. காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை, இரண்டு வாரம், கடைசி நாட்களில் படிப்படியாகக் குறைத்து. கூடவே காதுச் சவ்வு வழியாக உள்ளே ஊசி, இரண்டு வாரத்தில் நான்கு தடவை. கடையில் நீங்களே வாங்கிப் போடக்கூடிய மருந்து இல்லை இது. சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், வயிறு புண்ணாகலாம், எனக்கு ராத்திரித் தூக்கம் போய் அகோரப் பசி எடுத்தது. சர்க்கரை நோய், குடல் புண், காசநோய் இருந்தவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பயந்தேன். மரத்துப்போகும் மருந்து வைத்துவிட்டுத்தான் போடுகிறார்கள். பத்து வினாடி எரிச்சல், ஒரு நிமிடம் தலைச்சுற்றல், அவ்வளவுதான். போட்ட பிறகு அந்தக் காது மேலே இருக்கும்படி அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், பேசக் கூடாது, எச்சில்கூட முடிந்தவரை விழுங்கக் கூடாது. விழுங்கினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். தனியாகப் போய் பஸ்ஸில் திரும்பாதீர்கள், முதல் தடவை நான் அப்படி வந்து பஸ் ஸ்டாண்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். ஒரு காதில் மட்டும் நரம்புக் குறை என்றால் கேள்வி நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்த எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். எடுத்தேன், ஒன்றும் இல்லை. ஒரு மாதம் கழித்து எடுத்த ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் 65-லிருந்து 45-க்கு வந்திருந்தது. மூன்று மாதத்தில் 40. அதோடு நின்றுவிட்டது.

40 டெசிபல் குறை என்றால் என்ன என்று காகிதம் சொல்லாது. பியானோவின் கடைசிக் கட்டையே 4186 ஹெர்ட்ஸ்தான். ஆக, ஸ்வரங்கள் எல்லாம் அதற்குக் கீழேதான் இருக்கின்றன, ராகம் முழுசாகக் கேட்கும். போவது ஸ்வரத்தின் மேல் ஏறி நிற்கும் மினுமினுப்பு. நாதஸ்வரத்தில் சீவாளி நாணல் அதிரும் அந்தக் கரகரப்பு, ஜால்ராவின் வால், கஞ்சிராவின் சில்லு, தம்புராவின் ரீங்காரம். காருகுறிச்சியின் பழைய ஒலிப்பதிவுகளில் எனக்குக் குறையே தெரியவில்லை. அந்தக் காலத்துப் பதிவுகளில் மேல்சுருதி அதிகம் இல்லை, அதனால் என் காது இழந்த பகுதி அதில் முதலிலேயே குறைவு. செண்பகவல்லி அம்மன் கோயிலில் நேரில் நாதஸ்வரம் கேட்டபோது தெரிந்தது. நல்ல காதைப் பொத்திவிட்டு இடது காதால் மட்டும் கேட்டேன். அதே வாத்தியம், அதே மோகனம், ஆனால் துணி போட்டு மூடிய மாதிரி. தூணோரம் நின்று அழுதுவிட்டேன். பேச்சில் ‘ஸ்’, ‘ஷ்’, ‘ஃப்’ எல்லாம் அந்த மேல்சுருதியில்தான் இருக்கின்றன. இடது பக்கத்திலிருந்து ஒருவர் “பஸ் வந்துச்சா” என்று கேட்டால் ‘ப’வும் ‘வந்து’வும்தான் விழும். மைதானத்தில் அம்பயர் விசில், பெனால்டி கார்னரில் பந்து கோலுக்குள் 460 மில்லிமீட்டர் உயரப் பலகையில் மோதும் அந்த ‘டப்’, இரண்டும் வலது காதில்தான் முழுசாக வருகின்றன. பலகைச் சத்தம் கேட்டுத்தான் கோலைக் கொண்டாடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். கண்ணுக்கு முன்னால் காதுக்குக் கோல் தெரிந்துவிடும்.

இரைச்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பணமும் நிம்மதியும் அதிகம் போனது அதில்தான். காதிலிருந்து வர வேண்டிய சத்தம் வராததால் மூளை தன் வால்யூமைக் கூட்டிக்கொண்டு தானே உண்டாக்கும் ஒலி அது. அமைதியான இடத்தில் கூடும். ஆகவே நிசப்தத்தைத் தேடக் கூடாது. ராத்திரி ஃபேன் சத்தம், மழைச் சத்தம், எதுவானாலும் இரைச்சலை முழுக்க மூழ்கடிக்காத அளவில், அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இரண்டு மாதத்தில் தூக்கம் திரும்பியது. இரைச்சல் போகவில்லை, அதைக் கவனிப்பது குறைந்துவிட்டது. தாங்க முடியாதவர்களுக்கு முறையான மனநல ஆலோசனை உதவுகிறது, கேள்வித்திறன் குறைந்தவர்களுக்குக் காதுக்கருவி போட்டாலே இரைச்சல் அடங்குவதுண்டு. ஆனால் இரைச்சலை நிறுத்தும் என்று நிரூபணமான மாத்திரை எதுவும் இன்றைக்கு இல்லை. மூன்று மணிக்குத் தூக்கம் வராமல் போனைத் தடவியபோது கண்ணில் பட்ட ஒரு மூலிகை மாத்திரை, மூன்று மாதக் கோர்ஸ் 4,800 ரூபாய். வாங்கினேன். ஒரு பலனும் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு எதையும் ஆர்டர் செய்யாதீர்கள்.

இனி அந்த வலது காதின் பள்ளம். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குத் தினமும் போக வர மூன்று மணி நேரம், வாரத்தில் ஆறு நாள், 18 மணி நேரம் இயர்போன். பஸ் இன்ஜின் சத்தத்தையும் டிரைவர் போடும் பாட்டையும் மிஞ்ச வேண்டும் என்று வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்தே எட்டு வருஷம் கேட்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 90 என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம், 95 என்றால் ஒன்றேகால் மணி நேரம், 100 என்றால் 20 நிமிடம். என் 18 மணி நேரத்தை இதில் வைத்துப் பாருங்கள். இப்போது நான் செய்வது: காதை அடைத்து வெளிச்சத்தத்தைத் தடுக்கும் ரப்பர் முனை இயர்போன், சரியான அளவு முனை. வெளிச்சத்தம் குறைந்தால் பாட்டுக்குப் பாதி வால்யூமே போதும். வீட்டில் அமைதியாக இருக்கும்போது வால்யூமை வைத்துவிட்டு, பஸ்ஸில் ஏறிய பிறகு அதைக் கூட்டுவதில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர் சாதாரணமாகப் பேசினால் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் சத்தம் அதிகம். ஒரு காது மந்தமானவர்கள் போனில் அணுகல்தன்மை (Accessibility) அமைப்புக்குள் போய், இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாக்கித் தரும் மோனோ ஆடியோவைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீரியோ பதிவில் ஒரு பக்கமாக வைத்திருக்கும் வயலினோ கடமோ முழுசாகக் காணாமல் போவது அதோடு நிற்கும்.

மைதானத்துக்குப் போவதை நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஆறு டெசிபல் குறையும். ஹார்ன் ஒரு மீட்டரில் 120 என்றால் இரண்டில் 114, நாலில் 108, எட்டில் 102. மேலே கூரை இருந்தால் எதிரொலியால் இவ்வளவு குறையாது. ஆகவே டிரம் அடிக்கும் கூட்டம் எங்கே உட்காருகிறது என்று பார்த்துவிட்டு நான்கு வரிசையாவது தள்ளி உட்காருங்கள், ஹார்னுக்கு நேர் முன்னால் ஒருபோதும் வேண்டாம். பஞ்சு உருட்டி வைப்பது பிரயோஜனம் இல்லை, ஏழெட்டு டெசிபல்கூடத் தடுக்காது. நுரை அடைப்பான் ஜோடி இருபது ரூபாய்க்குள் கிடைக்கும், வைக்கத் தெரிந்தால் நன்றாகத் தடுக்கும். விரல் இரண்டுக்கும் நடுவில் ஊசி மாதிரி மெல்லிசாக உருட்டுங்கள். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், அப்போதுதான் காதுத் துளை நேராகும். உள்ளே நுழைத்து அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள், அதற்குள் உப்பிவிடும். கண்ணாடியில் நேரே பார்க்கும்போது அடைப்பான் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை. உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாகப் போயிருக்கிறது. நுரை மேல்சுருதியை அதிகம் வெட்டும், பாட்டும் விசிலும் மங்கும். அதனால் கச்சேரிக்கும் ஆட்டத்துக்கும் நான் வடிகட்டி வைத்த சிலிக்கான் அடைப்பான் வாங்கினேன், 1,600 ரூபாய், எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளே எதுவும் வைக்க வேண்டாம், மேலே மாட்டும் காதுமூடி போதும். 2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் மதுரைக்கு வந்தபோது இந்த அடைப்பானோடுதான் போனேன். நல்ல காது கோல் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தேன். பலகைச் சத்தம் கேட்டது.

வீணாய்ப் போன தொகை: சொட்டு மருந்து, பொது மருத்துவர் இரண்டு தடவை, மூலிகை மாத்திரை எல்லாம் சேர்த்து 6,310 ரூபாய். தேவைப்பட்ட செலவு, தனியார் விலையில்: முதல் ஆலோசனை 500, பிறகு நான்கு தடவை 300 வீதம் 1,200, ஆடியோகிராம் மூன்று, தலா 800, எம்.ஆர்.ஐ. 7,500, ஊசி நான்கு, தலா 2,500, மாத்திரை 350. ஆக 21,950. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவும் கேள்விப் பரிசோதனையும் இருக்கின்றன, பணம் இல்லை என்று நாளைக் கடத்த வேண்டாம். எல்லா ரசீதும் ஆடியோகிராம் காகிதமும் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் வைத்திருங்கள், அடுத்த பரிசோதனையை ஒப்பிட அதுதான் அடிப்படை. நான் ஒவ்வொரு ஆகஸ்டும் ஒரு தடவை எடுக்கிறேன். போன ஆகஸ்டில் இடது காது 4000-ல் 40, வலது 25.